வாசகர் கேள்வி–பதில்: ஆர்ல் நகரில் திறப்பு வாரம்

தென் பிரான்ஸில் ரோன் நதிக்கரையில் இருக்கும் ஆர்ல் நகரில் ஒவ்வொரு ஆண்டும் ஜூலை தொடங்கி செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் முதல் வாரம் வரை புகைப்பட விழா நடக்கிறது. அதைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்கவோ, ஊர் சுற்றவோ ஐரோப்பா போகிறவர்கள். போன இடத்தில் திறப்பு நாட்களையும் பார்த்துவிட முடியுமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

மகள் லியோனில் படிக்கிறாள். ஜூலையில் போகிறோம். ஆர்ல் விழாவின் திறப்புக்கு அழைப்பிதழ் வேண்டுமா? அங்கே என்ன நடக்கும்? (வாசகி, மதுரை)

அழைப்பிதழ் வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, ஒரு மணி நேரத்தில் முடிகிற விழாவும் அல்ல. திறப்பு என்பது அங்கே ஒரு முழு வாரம். ஜூலையின் முதல் திங்கட்கிழமையை ஒட்டித் தொடங்கி ஞாயிறு வரை போகும்.

விழாவின் பெயர் ‘ரான்கோந்த்ர்’. சந்திப்புகள் என்று பொருள். 1970-ல் புகைப்படக் கலைஞர் லூசியன் கிளேர்க், எழுத்தாளர் மிஷேல் தூர்னியே, வரலாற்று ஆய்வாளர் ழான்-மொரிஸ் ரூக்கெத் மூவரும் தொடங்கினார்கள். இன்றைக்கும் பெயருக்கு ஏற்றபடிதான் நடக்கிறது. படங்கள் விழா முடியும் வரை சுவரில் இருக்கும். படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வாரம்தான் ஊரில் இருப்பார்கள். திறப்பு வாரத்துக்குப் போவதன் பயன் அதுதான்.

பகலில், சேன்ந்த்-ஆன் போன்ற பழைய தேவாலயங்கள், மருத்துவமனையாக இருந்த எஸ்பாஸ் வான்கோ, ரயில்வே பணிமனையாக இருந்த மெக்கானிக் ஜெனரால், ரயில் நிலையத்தை ஒட்டிய கிரவுண்ட் கன்ட்ரோல் என்று ஊர் முழுக்கப் பரவிய கூடங்களில் கலைஞர்களும் க்யூரேட்டர்களும் (கண்காட்சியைத் தொகுத்து அமைப்பவர்கள்) பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு படம் படமாக விளக்குவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் சின்ன கேலரிகளின் திறப்புகள் தொடங்கும். இரவில் ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கில் பெரிய திரையில் படங்கள் ஓடும். பரிசுகளும் அங்கேதான் அறிவிக்கப்படும். அந்த நேரத்தில் சூரியன் மறையவே ஒன்பதரை ஆகிவிடும். ஆகவே திரை உயிர் பெறுவது பத்து மணி வாக்கில். முக்கியக் கூடங்களுக்கும் அரங்குக்கும் சீட்டு வேண்டும், இணையத்தில் முன்பே வாங்கலாம். எல்லாக் கூடங்களுக்குமான சீட்டு வாங்கினால், ஒரு கூடத்துக்கு ஒரே நுழைவுதானா, திரும்பப் போகலாமா என்பதை வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள். கேலரித் திறப்புகள் இலவசம். கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம்.

கேலரித் திறப்பை ‘வெர்னிசாஜ்’ என்பார்கள். வெர்னி என்றால் வார்னிஷ். அந்தக் காலத்தில் ஓவியர்கள் கண்காட்சிக்கு முந்தின நாள் வந்து தங்கள் ஓவியத்துக்குக் கடைசிப் பூச்சு கொடுப்பார்கள். அப்போது நண்பர்கள் வந்து பார்ப்பார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வெர்னிசாஜ் நடக்கும்போது படம் பார்க்க முடியாது. சுவருக்கு முதுகு காட்டி நாற்பது பேர் பேசிக்கொண்டு நிற்பார்கள். படத்தைப் பகலிலேயே, கூடம் திறந்தவுடன் போய்ப் பாருங்கள். பெரிய கூடங்கள் பொதுவாகக் காலை பத்துக்குத் திறந்து மாலை ஏழரைக்கு மூடும். முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். மாலையில் அதே படத்தை எடுத்தவரிடம் கேட்க ஒரு கேள்வியோடு திரும்பிப் போங்கள். பார்க்காமலே போய் ‘ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால், அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவார். ‘மூன்றாவது படத்தில் ஜன்னலை ஏன் பாதியில் வெட்டினீர்கள்?’ என்று கேட்டால் பத்து நிமிடம் நின்று பேசுவார். உடைந்த ஆங்கிலம் போதும். உள்ளே நுழையும்போது ‘போன்ழூர்’, மாலையானால் ‘போன்ஸ்வார்’ சொல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள்; அங்கே அது மரியாதைக் குறைவு.

விசா, தங்குமிடம் எல்லாம் எப்போது தொடங்க வேண்டும்? மே மாதத்தில் பார்த்தால் போதாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

போதாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை. ஆனால் சிக்கல் விசாவில் இல்லை, விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்தான். கோடை விடுமுறைக் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களில் அந்த இடங்களை நிரப்பிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். விமானம் தாமதமாகும் என்று வைத்து இரண்டு நாள் கூட்டியே எடுங்கள்.

பிள்ளைகள் வீட்டில் தங்குவதாகக் காட்டுபவர்கள் கவனிக்க: அந்த ஊர் நகராட்சியில் பிள்ளை நேரில் போய் ‘அத்தெஸ்தாசியோன் தாக்கேய்’ என்ற வரவேற்புச் சான்று வாங்கி, அதன் அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் விருந்தாளிக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாணவர் விடுதியில் ஒற்றை அறையில் இருப்பவருக்கு இந்தச் சான்று கிடைப்பது கடினம். அப்படியானால் அறை முன்பதிவைக் காட்டி விண்ணப்பிப்பதே நேர்வழி.

தங்குமிடம்தான் உண்மையான தலைவலி. ஆர்ல் சின்ன ஊர், சுமார் 50,000 பேர். திறப்பு வாரத்தில் உலகம் முழுவதிலும் இருந்து க்யூரேட்டர்களும் பதிப்பாளர்களும் வந்து அறைகளைப் பிடித்துவிடுவார்கள். ஜனவரியிலேயே, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் பலரும் அவிஞோனைத் தேடுவார்கள். அங்கே அதே ஜூலையில் பெரிய நாடக விழா, அறை விலை இன்னும் மோசம். நீம் நகரம் நல்லது, ரயிலில் அரை மணி நேரம். தாராஸ்கோன் இன்னும் பக்கம். வெளியூரில் தங்கினால் இரவு அரங்கு நிகழ்ச்சி முடியும் முன்பே கடைசி ரயில் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். குறைந்தது ஓர் இரவாவது ஆர்லுக்குள்ளேயே படுக்க இடம் பாருங்கள். அந்த இரவை அரங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் இருக்கிறேன். ஒரே நாளில் போய்வர முடியுமா? (வாசகர், லா கூர்நேவ்)

முடியும், ஆனால் வேண்டாம். நேரடி ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் இருந்து அவிஞோன் அதிவேக ரயில் நிலையத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஐந்தாறு நிமிட இணைப்பு ரயிலில் அவிஞோன் சாந்த்ர் நிலையத்துக்கு வந்து, பிறகு ஆர்லுக்கு இருபது நிமிடம். இரண்டு நிலையத்தையும் ஒன்றென நினைத்து இணைப்பைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். அரை மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஓர் இரவு தங்கி இரண்டு பகல் பாருங்கள். ஆர்ல் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடையில் ஊர். முதல் பகல் பழைய நகரம், ரெப்யூப்ளிக் சதுக்கத்தைச் சுற்றி. இரண்டாம் பகல் ரயில்வே பணிமனைகள் இருந்த பார்க் தெ அத்லியே. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2021-ல் திறந்த, சுமார் 11,000 எஃகுத் தகடுகள் பதித்த லூமா கலை மையக் கோபுரம் அங்கேதான். ஒரு நாளுக்கு ஐந்து கண்காட்சி போதும். எட்டாவதில் கண் பார்க்கும், மனம் பார்க்காது.

வெயில், சாப்பாடு பற்றிச் சொல்லுங்கள். நாங்கள் சைவம். (வாசகி, கும்பகோணம்)

வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்குப் பழகியதுதான், ஆனால் எல்லா இடத்திலும் குளிர்சாதனம் இருக்காது. கல் தேவாலயங்கள் குளுமையாக இருக்கும். தகரக் கூரைக் கூடங்கள் மதியத்துக்கு மேல் கொதிக்கும். ஆகவே பணிமனைப் பக்கத்தைக் காலையிலும் தேவாலயங்களைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். ‘மிஸ்ட்ரால்’ என்ற வடகாற்று கிளம்பினால் இரவு அரங்கில் மேல்சட்டை வேண்டியிருக்கும். உட்காருவது கல்படி, இரண்டு மணி நேரம் என்பதால் காற்றடைக்கும் சிறு தலையணை ஒன்று கொண்டுபோங்கள். பக்கத்திலேயே கமார்க் சதுப்பு நிலம். கொசு நம் ஊர்க் கொசுவுக்கு இளைத்ததல்ல. கொசுத் தைலம் கைப்பையில் இருக்கட்டும்.

சைவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது: திறப்புகளில் ரொட்டித் துண்டில் தடவித் தரும் கருநிற ஆலிவ் விழுது, தாப்பெனாத். பார்க்கச் சைவம், ஆனால் அதில் நெத்திலி போன்ற ஆன்சோவி மீன் அரைத்திருக்கும். வெங்காயம் பரப்பிய பிஸ்ஸலாதியேரிலும் அதே மீன். ‘சான் ஆன்ஷ்வா?’ என்று கேட்டால் ‘ஆன்சோவி மீன் இல்லாமலா?’ என்று பொருள். உணவகச் சமையலறைகள் மதியம் இரண்டு மணிக்கு மூடி மாலை ஏழுக்குத்தான் திறக்கும்; மூன்று மணிக்குப் பசித்தால் பேக்கரிதான் கதி. சனிக்கிழமை காலை லிஸ் பெருஞ்சாலையில் பெரிய சந்தை கூடும், மதியம் வரை. பழம், பாலாடைக்கட்டி, ரொட்டி வாங்கிக்கொள்ளலாம். கமார்க்கில் விளைகிற சிவப்பரிசியும் கிடைக்கும். சமையலறை உள்ள அறை எடுத்தவர்களுக்கு அதில் ஒரு கிலோ போதும். ஊற வைத்துச் சமையுங்கள், வேக நேரமாகும்.

கண்காட்சியில் படம் எடுக்கலாமா? போன முறை ஒரு கண்காட்சியில் எடுத்த படம் எல்லாவற்றிலும் வரிவரியாகக் கோடு விழுந்தது. (வாசகர், திருச்சி)

பொதுவாக ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். தடை உள்ள படத்தின் பக்கத்தில் குறியீடு ஒட்டியிருக்கும். ஃபிளாஷை அணைத்தால் போதாது. இருட்டில் கேமரா ஃபோகஸ் செய்ய அடிக்கும் சிறு ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் அணையுங்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் அது அடிக்கும்.

கோடு விழக் காரணம் எல்.இ.டி. விளக்கு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருப்பீர்கள். அது சென்ஸாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். விளக்கு மங்கும் கணத்தில் படித்த வரிகள் கறுப்பாகும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். பிரான்ஸிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே இதே கணக்கு. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200 வரை தேவைப்படும். இரவு அரங்கின் திரையை எடுத்தாலும் 1/50 அல்லது அதற்கும் மெதுவாக. வேகம் கூட்டினால் திரையில் நிறப்பட்டைகள் விழும்.

கண்ணாடி போட்ட படத்தில் உங்கள் உருவமே தெரிந்தால் போலரைசர் ஃபில்டர் உதவாது. அது பக்கவாட்டில் இருந்து, ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் வரும் பிரதிபலிப்பைத்தான் வெட்டும். நேரே நின்று எடுக்கும்போது வெளிச்சத்தை வீணாக்குவதோடு சரி. கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கேமராப் பட்டையில் பளபளக்கும் கொக்கியை மறையுங்கள், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். கூட்டத்தில் திரும்பும்போது சுவரில் இருக்கும் படத்தில் முதலில் இடிப்பது அதுதான்.

கூட்டத்தை எடுத்தால் பரவாயில்லை. ஒருவர் முகம் தெளிவாகத் தெரியும் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும். பிரான்ஸில் இதில் சட்டம் கண்டிப்பு. கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சிரித்தபடி நிற்பார்கள்.

நானும் படம் எடுக்கிறேன். என் படங்களை அங்கே காட்ட வழி உண்டா? (வாசகி, சென்னை)

உண்டு. விழா நடத்துபவர்களே திறப்பு வாரத்தில், படத் தொகுப்பை வல்லுநர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் போர்ட்ஃபோலியோ பார்வை நடத்துகிறார்கள். கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பதிப்பாளர், கேலரிக்காரர், அருங்காட்சியகத்தார் என்று பட்டியலில் இருந்து நீங்களே தேர்ந்துகொள்ளலாம். ஒருவருக்கு 20 நிமிடம். பெயர் பெற்றவர்களைத் தேடி எல்லோரும் ஓடுவார்கள். அவர் இதுவரை என்ன மாதிரிப் படங்களை வெளியிட்டிருக்கிறார் என்று பார்த்து, உங்கள் படத்துக்குப் பொருந்துபவரைத் தேர்ந்தெடுங்கள். திருமணப் படங்களை நிலக்காட்சிப் பதிப்பாளரிடம் காட்டினால் இருபது நிமிடமும் வீண்.

ஒரே ஒரு தொடர், 15 முதல் 20 பிரிண்ட், எல்லாம் ஒரே அளவு. 20×25 அல்லது 24×30 சென்டிமீட்டர் போதும். மேட் தாளில் போடுங்கள், ஜன்னலோரம் உட்கார்ந்தால் பளபளப்புத் தாளில் ஜன்னல்தான் தெரியும். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வெள்ளை விடுங்கள். கை படும் இடம் அது. அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், பிரிண்டுகளுக்கு இடையில் மெல்லிய தாள் வைத்து, விமானத்தில் கையோடு எடுத்துப்போங்கள்.

பலரும் செய்யும் தவறு, பெட்டியைத் திறக்கும் முன்பே ஐந்து நிமிடம் விளக்குவது. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளுங்கள். அவர் எந்தப் படத்தில் நிற்கிறார், எதை விரைந்து கடக்கிறார் என்று கவனியுங்கள். வாயால் சொல்லும் கருத்தைவிட அந்தக் கை சொல்வது துல்லியம். எழுந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மேசைக்குப் போனால் மறந்துவிடும்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். முக்கிய விழாவோடு ‘ஓஃப்’ எனப்படும் துணை விழாவும் நடக்கிறது. ஊர் முழுக்கச் சின்ன கேலரிகளும் வீட்டு முற்றங்களும் கண்காட்சிக் கூடமாகும். அங்கே பழகுவது எளிது. அஞ்சலட்டை அளவில் உங்கள் படம் ஒன்றை அச்சிட்டு, பின்னால் பெயரும் மின்னஞ்சலும் போட்டு, ஐம்பது எடுத்துப்போங்கள்.

படத்தின் பக்கத்தில் இருக்கும் அட்டையில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? ஒரு பிரிண்ட் வாங்கினால் சென்னை ஈரக்காற்றில் தாங்குமா? (வாசகர், சென்னை)

‘ஜெலாத்தினோ-அர்ழாந்திக்’ என்றிருந்தால் இருட்டறையில் கழுவிய வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட். ‘ஜே தாங்க்ர்’ என்றால் மைத் தெளிப்பு. ‘திராஜ் மொதேர்ன்’ என்றால் பழைய நெகட்டிவில் இருந்து பிற்காலத்தில் போட்டது. வேறுபாட்டைக் கண்ணாலும் பார்க்கலாம். படத்துக்குப் பக்கவாட்டில் போய், விளக்கு தாளில் வழுக்கிப்போகும் கோணத்தில் குனிந்து பாருங்கள். பழைய வெள்ளி பிரிண்டில் ஓரங்களின் கறுப்பு, கண்ணாடிபோல நீலச் சாம்பலாக மின்னும். தாளில் இருக்கும் வெள்ளி மேலே எழுந்து படிந்ததன் அடையாளம் அது. மை பிரிண்டில் அந்த மினுக்கம் வராது.

3/7 என்றால் ஏழு பிரதிகளில் மூன்றாவது. ‘E.A.’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் கலைஞரின் சொந்தப் பிரதியைக் குறிக்கும். பிரெஞ்சு வரிச் சட்டப்படி, கலைஞர் கையெழுத்திட்டு எண்ணிட்ட, எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிக்கு மேற்படாத புகைப்படமே கலைப்படைப்பு. ஆகவே ‘எத்தனை பிரதி?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘வேறு அளவில் இன்னும் எத்தனை?’ என்றும் கேளுங்கள். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. விலைப் பட்டியல் சுவரில் இருக்காது, மேசையில் கேட்டால் தருவார்கள். கையெழுத்திட்ட சான்றும் ரசீதும் இல்லாமல் வாங்காதீர்கள்.

எடுத்துவர, விட்டம் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குழாய். அதைவிட ஒல்லியானதில் சுருட்டினால் மைப் பரப்பு விரிசல் விடும். சென்னை வந்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த தாளில் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும். ஒரு நாள் அப்படியே அறையில் விட்டுவிட்டுத் திறங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக் கூடாது; நடுவில் பருத்தி மவுண்ட் அட்டை ஜன்னல் வையுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. மழை ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஃப்ரேமின் கீழ்முனைகளில் பின்னால் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும்.

பூஞ்சை பிடித்த படம் என்ன ஆகும் என்று ஆர்லிலேயே 2024-ல் பார்க்கக் கிடைத்தது. பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி கால், கிடங்கில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துப்போன தன் ‘பார்வையற்றவர்கள்’ தொடரை எறிந்துவிடாமல், நகரின் அடியில் ரோமானியர் கட்டிய நிலவறைக் கூடங்களில், அந்த ஈரத்திலேயே தொங்கவிட்டார். நிலவறை இப்போதும் இருக்கிறது. நகர மண்டபத்தின் உள்ளே படியிறங்கிப் போகலாம். அங்கே எது காட்சிக்கு இருந்தாலும், ஜூலை நண்பகலில் முதலில் போக வேண்டிய இடம் அது. மெல்லிய மேல்சட்டையும், தரை வழுக்கும் என்பதால் பிடிப்பான செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.